தலை மூடாத யானைகள்

மலையை விட்டு இறங்கும் வீதியில் நடைபாதை பாதியிலேயே முடிந்துவிட்டது. அதன்பிறகு புல் விளிம்பில் நடந்தேன். முதுகில் ஒரு பை. கையில், வேலைச் சப்பாத்துகளைப் போட்டுக் கட்டிய பொலித்தீன் பை. நகங்களுக்குள் களிமண் காய்ந்து வெள்ளையாகியிருந்தது. ஜாக்கெட் பைக்குள் கையை விட்டபோது ஒரு குச்சி அகப்பட்டது. முன்பு சீனக் கடை ஒன்றில் கோப்பை கழுவிய காலத்தில் எடுத்துவைத்த, அவர்கள் சாப்பிடும் குச்சி. அதன் ஒரு முனையை நானே சீவி மழுக்கியிருந்தேன், களிமண் யானைகளுக்குக் கண் குத்துவதற்காக. எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

கீழே ஆற்றங்கரையில் கோப்லென்ஸ் நகரம். பஸ் ஓடியது. ஆனால் ஓரிடத்தை விட்டுப் போகும்போது நான் அநேகமாக நடந்துதான் போயிருக்கிறேன். நடந்தால்தான் போய்விட்டோம் என்பது உடம்புக்கு விளங்கும். அன்று பட்டறையை விட்டு வந்ததில் எனக்குத் துக்கம் இருக்கவில்லை. பட்டறைகள் வரும், போகும். அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு நடந்தேன்.

அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் பிரயோசனமில்லை. எனக்குச் சொன்ன பெயர் அவருடையதுதானா என்பதே எனக்குத் தெரியாது.

அவரிடம் எவரும் முதலில் கவனிப்பது கழுத்தை. அது அசையாது. நம்மவர்கள் கதைக்கும்போது பாதிக் கதையைத் தலை சொல்லும். ஓம் என்றால் ஒரு ஆட்டு, இல்லையென்றால் ஒரு ஆட்டு, பார்ப்போம் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஜெர்மன்காரர் குழம்பிப்போவார்கள். அண்ணை ஓம் என்பதையும் இல்லை என்பதையும் வாயால் மட்டும் சொல்வார். பக்கத்தில் பார்க்கவேண்டுமானால் தோளோடு சேர்த்து உடம்பு முழுவதையும் திருப்புவார். ஏதாவது வருத்தமா என்று முதற்கிழமையே கேட்டேன்.

"ஒண்டும் இல்லை. பழகிப்போச்சு" என்றார்.

ஹெல்கா என்ற ஜெர்மன்காரியின் பட்டறை அது. சுற்றுவட்டாரம் முழுக்கக் களிமண். ஊர் முழுக்கச் சட்டியும் சாடியும் செய்தார்கள். ஹெல்கா மட்டும் தோட்டத்தில் வைக்கும் மிருகங்கள் செய்தாள்; அவற்றிலும் பெரும்பாலும் யானைகள். பூனையளவிலிருந்து ஆட்டுக்குட்டியளவு வரை. தும்பிக்கை மேலே தூக்கியிருந்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று ஜெர்மன்காரர் நம்புகிறார்கள். தூக்கிய தும்பிக்கை ஈரக் களியில் நில்லாது, தொங்கிவிடும். அதே களியில் ஒரு தூண் செய்து முட்டுக் கொடுத்து, காய்ந்த பிறகு எடுக்கவேண்டும். அந்த வேலையில் அண்ணையை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. ஊரில் சீமெந்து வேலை செய்தவராம். யானை செய்யத் தொடங்கியது இந்த நாட்டில்தான்.

மூட்டை தூக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஒரு குளிர்காலத்தில் நான் அங்கே போனேன். ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று சொல்லி என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டிக்கொடுக்கும் துண்டுப் பேப்பரில்தான் இருந்தேன். பட்டறைக் கதவைத் திறந்தவர் ஒரு தமிழர். என்னைக் கண்டு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"தமிழோ?"

"ஓம் அண்ணை."

"எவ்விடம்?"

"முல்லைத்தீவுப் பக்கம். காட்டோரம்."

"யாழ்ப்பாணத்திலை இருந்திருக்கிறியோ? படிக்க, கிடிக்க?"

"நான் எட்டாம் வகுப்போடை விட்டனான். அங்காலை கால்கூட வைக்கேல்லை."

அப்போதுதான் கதவை முழுவதும் திறந்தார். "அப்ப சரி, வா" என்றார்.

அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தமிழர் இல்லாத ஊரில் இருக்கவேண்டும். டோர்ட்மண்டில் அவருக்கு நல்ல வேலை கிடைத்ததாம், போகவில்லை. வுப்பர்டாலில் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் இருந்தாராம், போனில்கூடக் கதைப்பதில்லை. தமிழ்க் கடைக்குப் போகமாட்டார். மிளகாய்த்தூளைத் துருக்கிக் கடையில் வாங்கி, நூடில்ஸில் போட்டு, இதுதான் கறி என்பார். வதிவிட அனுமதி இருந்தது, கையில் தொழில் இருந்தது. இருந்தும் யாரோ தேடிவருவதுபோல வாழ்ந்தார். இயக்கத்தோடு ஏதாவது பிரச்சினையாக இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அப்படிப்பட்ட ஆட்களை வழியில் நிறையக் கண்டிருக்கிறேன். கேட்பதில்லை.

வந்த முதல் நாளே, பட்டறையோடு ஒட்டிய எங்கள் அறையில், தன் தடித்த போர்வையை எனக்குத் தந்துவிட்டு, தான் ஜாக்கெட்டைப் போர்த்துக்கொண்டு படுத்தார். சப்பாத்தும் காலுறையும் கழற்றாமல் படுத்தார். குளிருக்காக என்று நினைத்தேன். கோடையிலும் அப்படித்தான்.

என்னைவிட யானையைப் பற்றிக் குறைவாகவே அவருக்குத் தெரியும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காட்டு யானை ஏது? எங்கள் பக்கம் வேலியை உடைத்து வரும். அதனால் என்னிடம் கேட்பார்.

"யானை நிண்டுகொண்டு நித்திரை கொள்ளுமோ, படுக்குமோ?"

"அண்ணை, எங்கடை ஆக்கள் யானையைக் கண்டா ஓடுறது. நிண்டு, நித்திரையோ எண்டு கேக்கிறேல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்தால் கண் மட்டும்தான் சிரிக்கும். "உன்ரை ஊர் யானைக்கு ஓடத் தெரியும். இது ஜெர்மன் யானை. கொழுத்தது. இதுக்கு நிக்க மட்டும் தெரிஞ்சாப் போதும்."

நிற்க வைப்பதுதான் கடினம். களி காயும்போது சுருங்கும். உடம்பு சுருங்க, நாலு காலும் உள்ளே இழுபடும், தரை விடாது, கால் வெடிக்கும். அதற்காக அதே களியில் ஒரு தட்டுச் செய்து அதன்மேல் நிறுத்துவோம், தட்டும் சேர்ந்து சுருங்கும் என்று. உடம்பு உள்ளே வெறுமையாக இருக்கவேண்டும். எங்காவது களி தடித்து ஈரம் நின்றுவிட்டால் சூளைக்குள் குண்டுபோல வெடிக்கும். யானையின் வயிற்றுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தபடி அவர் ஒவ்வொரு முறையும் ஒரே வசனத்தைச் சொல்வார்.

"உள்ளுக்கை ஒண்டும் இருக்கக்கூடாது. இருந்தா நெருப்பிலை காட்டிக்குடுக்கும்."

நான் அதைத் தொழில் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இரண்டு வேலைகளை மட்டும் அவர் செய்யமாட்டார். ஒன்று கண். மடிப்பு மடிப்பாகத் தோல் போடுவார். காது நரம்பு, கால் நகம், வால் நுனி மயிர் எல்லாம் போடுவார். கண் இருக்கவேண்டிய இடத்தைச் சுற்றிச் சுருக்கங்கள்கூட வரும். நடுவில் மொழுக்கென்று விட்டுவிட்டு என்னிடம் தள்ளுவார். நான் சீனக் குச்சியால் இரண்டு பக்கமும் குத்துவேன். அவர் அப்போது உடம்பைத் திருப்பி வேறு எதையாவது துடைத்துக்கொண்டு நிற்பார்.

மற்றது மூடுவது. யானையின் காது மெல்லியது, அதுதான் முதலில் காயும். உடம்பு ஈரமாக இருக்கக் காது காய்ந்தால் இரண்டும் சேரும் இடத்தில் பிளந்துவிடும். எல்லாப் பட்டறையிலும் தலையில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணை உடம்பை மூடுவார், தலையை மூடமாட்டார். காதுகளில் மட்டும் ஈரத் துணி நாடாக்களைச் சுற்றுவார். பிறகு தெளிப்பான் போத்தலோடு ஒவ்வொன்றிடமும் போய்ப் போய்த் தண்ணீர் அடிப்பார். இரவில் எழுந்தும் அடிப்பார். நான் ஒருமுறை உதவி என்று நினைத்து ஒரு யானையின் தலையில் சாக்கைப் போட்டேன். அவர் வந்து பார்த்தார். சாக்கை எடுத்து நாலாக மடித்து என் கையில் தந்தார்.

"உப்பிடிப் போடாதை" என்றார் பிறகு. "மூச்சு முட்டும்."

"களிமண்ணுக்கோ அண்ணை?"

"ஓம். களிமண்ணுக்குத்தான்."

ஹெல்கா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அவருடைய யானைகள் வெடிப்பதில்லை என்பதால். ஒருமுறை எங்களை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போனாள், உண்மையான யானையைப் பார்த்தால் நல்லது என்று. அண்ணை வேலிக்கம்பியோடு நின்று யானையின் கால்களையே பார்த்தார். முழங்கால் எப்படி மடிகிறது, பாதம் ஊன்றும்போது எப்படி விரிகிறது என்று எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. பிறகு அந்த யானை தலையாட்டத் தொடங்கியது. கட்டி வளர்த்த யானைகள் சில அப்படித்தான். மேலும் கீழும், மேலும் கீழும், நிறுத்தாமல். அண்ணை தோளோடு திரும்பினார்.

"போவம்."

"இப்பதானே அண்ணை வந்தம்."

"போவம் எண்டுறன்."

வாகனம் நிறுத்திய இடத்தில் போய், நாங்கள் வரும்வரை தனியே நின்றார்.

மியூனிக்கிலிருந்து ஒரு இந்தியத் தமிழர் மனைவியோடு வந்தது அதற்குப் பிறகு. கம்ப்யூட்டர் வேலை. விடுமுறையில் ஊர் சுற்றிக்கொண்டு வந்தவர், நாங்கள் தமிழில் கதைப்பதைக் கேட்டு உள்ளே வந்துவிட்டார். நான் கண் குத்திக்கொண்டிருந்தேன்.

"ஏன், அவரே முழுசா பண்ணிட்டு கண்ணை மட்டும் உங்ககிட்ட விடுறாரு?"

"தெரியாது சேர். எப்பவும் அப்பிடித்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும். இது நம்ம டிரடிஷன். சிலைக்குக் கண் திறக்கறதுதான் லாஸ்ட் ஸ்டெப். அதுக்கு நாள் பாக்கணும், பூஜை போடணும். சும்மா பட்டறைல உக்காந்து பண்ண முடியாது. சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட் போல!"

அதை அப்படியே ஹெல்காவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அவள் கையில் இருந்த சிகரெட்டை அணைத்துவிட்டுக் கேட்டாள். உண்மையா என்று அண்ணையிடம் கேட்டாள்.

"யா" என்றார் அண்ணை.

அவர்கள் போனபிறகு நானும் கேட்டேன்.

"படிச்ச மனிசன் சொல்லுறார். சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து ஹெல்கா எல்லாச் சந்தையிலும் இதைச் சொன்னாள். எங்கள் தமிழர் கண் திறக்கமாட்டார், அது அவருடைய மதம். ஜெர்மன்காரர் கண்ணில்லாத யானைகளையே கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். யாரோ ஒரு வுப்பர்டால் தமிழரும் வாங்கினார். அவர் இந்தக் கதையை ஒரு கோயிலுக்குக் கொண்டுபோனார். டோர்ட்மண்ட் பக்கம், முன்பு இரும்புச் சாமான் கிடங்காக இருந்த கட்டடத்தில் நடத்தும் கோயில். அதன் தலைவர் ஹெல்காவுக்கு போன் எடுத்தார். வாசலுக்கு இரண்டு யானை வேண்டும், ஆள் உயரத்தில். ஆசாரமான கலைஞர் என்று கேள்விப்பட்டோம். யானைகளைக் கொண்டுவந்து வைத்தபிறகு எல்லோர் முன்னிலையிலும் அவரே கண் திறக்கவேண்டும்.

ஹெல்கா துள்ளினாள். அந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த மலிவு யானைகள் எல்லாக் கடையிலும் குவிந்து கிடந்தன. அண்ணை முதன்முறையாக ஏலாது என்றார். இது இல்லாவிட்டால் குளிர்காலத்தோடு பட்டறையைப் பூட்டவேண்டும் என்று அவள் சொன்னாள். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அவர் நெடுநேரம் களியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"செய்வன். ஆனால் நான் அங்கை போகமாட்டன். அவையும் இஞ்சை வரக்கூடாது. கண்ணை ஐயர் திறக்கட்டும்."

ஹெல்கா சம்மதித்தாள். கண் இருக்கும் இடத்தை மொழுக்கென்று விட்டுச் சுட்டுக்கொடுத்தால் ஐயர் வர்ணத்தால் கண் வைத்துக்கொள்வார் என்று கோயில்காரரும் சம்மதித்தார்கள். வருவதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இரண்டு யானைகளையும் சூளைக்குள் தள்ளும் இரும்பு வண்டிகளின் மேலேயே கட்டினோம். பிறகு தூக்க முடியாது. தும்பிக்கையைத் தூக்காமல், கீழே வளைத்து முன்னங்காலோடு சாய்த்தார். உயரத்தில் வேலை செய்யப் பலகை போட்டு ஏறினோம். ஈரக் களி பட்ட பலகையில் சப்பாத்து வழுக்கியது. அண்ணை ஒருமுறை விழப்பார்த்தார். அதன்பிறகு காலுறையையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். அப்போதுதான் அவருடைய பாதத்தை முதன்முதலில் பார்த்தேன். இடது காலில் இரண்டாம் விரல், பெருவிரலுக்குமேல் ஏறிக் குறுக்கே படுத்திருந்தது.

"பிறவியோ அண்ணை?"

"ஓம். சின்னனிலை எல்லாரும் பகிடி பண்ணுறவை" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "உதை ஒருத்தருக்கும் சொல்லித் திரியாதை" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்துவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சிறிய வான் வாசலில் நின்றது. நம்மவர்கள் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் இருக்கமாட்டார்கள், வரும்போது சோறு கட்டாமலும் வரமாட்டார்கள். தலைவர் முன்னால் வந்தார். பின்னால் வீடியோ கமெராவோடு ஒருவர். அதற்குப் பின்னால் சோற்றுப் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு ஒரு அக்கா. அண்ணை பலகையில் நின்று, யானையின் காதுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். இறங்க நேரம் இருக்கவில்லை.

"ஆகா, யானையெண்டா இதெல்லோ யானை!" என்றார் தலைவர். "எங்கடை செயலாளரை அப்பிடியே உரிச்சு வச்சிருக்கு." கமெராக்காரர் குலுங்கிச் சிரித்தார். "தம்பி, இறங்கி வாங்கோவன், ஒரு வணக்கம் சொல்லுவம்."

"வேலை கிடக்கு. காது காஞ்சிடும்." அண்ணை திரும்பவில்லை.

"வேலையிலை பக்தி எண்டா இதுதான். தம்பி எவ்விடம்?"

"மட்டக்களப்பு."

தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "மட்டக்களப்பார் எப்ப தொடக்கம் யாழ்ப்பாணத்தார் மாதிரிக் கதைக்கினம்?"

அக்கா சிரிக்கவில்லை. அவர் பலகைக்கு அருகில் நின்றார். அண்ணையின் பாதம் அவருடைய நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்சல்களைக் கீழே வைத்தார்.

"நான் இந்தக் காலைக் கண்டிருக்கிறன்" என்றார்.

தெளிப்பானின் சத்தம் நின்றது.

"பள்ளிக்கூட மைதானத்திலை. எல்லாரையும் குனிஞ்சு இருக்கச் சொன்னவங்கள். நிமிந்தா அடி. நான் என்ரை தம்பியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான். சாக்குப் போட்ட ஆளின்ரை கால் மட்டும்தான் தெரிஞ்சது. இந்த விரல். வந்து என்ரை தம்பிக்கு முன்னாலை நிண்டது. கனநேரம் நிண்டது." அவர் கண்ணைத் துடைத்தார். "பிறகு அங்காலை போயிட்டுது. என்ரை தம்பி இப்ப லண்டனிலை இருக்கிறான். ரண்டு பிள்ளையள்."

சொல்லிவிட்டு, அந்தக் காலைப் பார்த்துக் கைகூப்பினார். "தெய்வம் தம்பி நீங்கள். உங்களைத் தேடாத நாளில்லை."

இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் இயக்கப் பொடியன்களைத் தேடி இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைப்பார்கள். சனத்தை ஓரிடத்தில் கூட்டி இருத்துவார்கள். முன்பே பிடித்து அடித்து வைத்திருந்த ஒருவனுக்குத் தலையிலிருந்து முழங்கால்வரை சாக்கைப் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை குத்தி, ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் தலையாட்டினால், எதிரில் இருப்பவனை லொறியில் ஏற்றுவார்கள். ஏற்றியவர்களில் அநேகர் திரும்பி வரவில்லை. சாக்குக்குள் இருப்பவனைத் தலையாட்டி என்பார்கள். ஊரில் அதைவிடக் கேவலமான சொல் இருக்கவில்லை.

அக்காவுக்கு அது தோன்றவில்லை. அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். தலைவருக்குத்தான் முதலில் விளங்கியது.

"அப்ப..." என்று தொடங்கி மெதுவாக, "இவர் தலையாட்டியோ?" என்றார்.

கமெராக்காரர் கமெராவைக் கீழே இறக்கினார்.

அண்ணை தோளோடு திரும்பினார். கழுத்து அசையவில்லை. "அக்கா, நீங்கள் ஆள் மாறிப் பாக்கிறியள்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அந்த முகத்தில் வந்தது.

"ஓம் தம்பி" என்றார். "மாறித்தான் பாத்திட்டன். வயசு போச்சு, கண்ணும் சரியில்லை." ஒரு பார்சலை எடுத்துப் பலகையில், அந்தக் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதைச் சாப்பிடுங்கோ. ஆறப்போகுது."

ஆனால் சொன்னது சொன்னதுதான். தலைவர், கமிட்டியில் கதைத்துவிட்டுச் சொல்கிறோம் என்று ஹெல்காவிடம் சொன்னார். வான் போய்விட்டது. ஹெல்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பெண் ஏன் அழுதாள் என்று என்னிடம் கேட்டாள். ஊர்க்காரி என்று சொன்னேன்.

அண்ணை இறங்கிவந்து, குழாயடியில் காலைக் கழுவினார். பிறகு மரவாங்கில் உட்கார்ந்து அந்தச் சோறு முழுவதையும் சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும். எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று தெரியாது. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். எனக்கு ஏனோ அதைப் பார்க்க முடியவில்லை.

கையைக் கழுவியபிறகு சொன்னார். "அவவின்ரை தம்பிக்கு ஆட்டேல்லை. மெய்தான்."

நான் பார்சல் பேப்பரை மடித்தேன்.

"ஒருத்தருக்கும் ஆட்டுறேல்லை எண்டுதான் நடந்தனான். கனபேரைத் தாண்டிப்போட்டன். பின்னாலை வந்தவன் சாக்கோடை சேத்துக் கழுத்தைப் பிடிச்சான். இன்னும் ஒருத்தனைத் தாண்டினா நீயும் லொறிக்குள்ளை போய் இரு எண்டான். அப்பதான் அந்தப் பொடியன். அக்காக்காரி கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தா. அந்தக் கை தெரிஞ்சது. ஆட்ட ஏலாமல் போச்சு."

"பிறகு?"

"பக்கத்திலை இருந்தவனுக்கு ஆட்டினன்."

"தெரிஞ்ச ஆளோ?"

"அவனையும் தெரியாது, இவனையும் தெரியாது. அவன் தனிய இருந்தான். ஒருத்தரும் கையைப் பிடிச்சிருக்கேல்லை. அவ்வளவுதான்."

வெளியே தேவாலயத்து மணி அடித்தது. அவர் எழுந்துபோய் இரண்டு யானைகளின் காதுகளுக்கும் தண்ணீர் அடித்துவிட்டு வந்தார்.

"அடிச்சாலும் பேசினாலும் தாங்குவன் தம்பி. இண்டைக்குக் கும்பிட்டவ. நான் ஆட்டினவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பா. அவவும் உங்கினைதான் எங்கையாவது இருப்பா. இந்தக் கதை இனி அவவிட்டையும் போகும்."

ஆறுதல் சொல்லலாம் என்றால், எந்த ஆளுக்காகச் சொல்வது என்று தெரியவில்லை. லண்டனில் பிள்ளைகளோடு இருப்பவனையும் நினைத்தேன், பக்கத்தில் தனியே இருந்தவனையும் நினைத்தேன். எதிரில் இருந்தவர் எனக்குத் தன் போர்வையைத் தந்தவர்.

விடிய எழுந்தபோது அவருடைய படுக்கை மடித்துக் கிடந்தது. பட்டறைக்குள் ஓடினேன். காதுகளில் சுற்றியிருந்த துணிகள் ஈரமாக இருந்தன. போவதற்குச் சற்றுமுன்தான் தண்ணீர் அடித்திருக்கவேண்டும். தெளிப்பான் போத்தலை நிரப்பி, என் குச்சிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வேறு ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை.

அன்று முழுக்க நான் தண்ணீர் அடித்தேன். ஹெல்கா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்தாள், ரயில் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தாள், இரண்டுமுறை அழுதாள். மறுநாள் கோயிலிலிருந்து தலைவர் கூப்பிட்டார். யானைகள் வேண்டும். செய்தவரின் பெயர் எங்கும் வரக்கூடாது. கண்ணையும் பட்டறையிலேயே குத்தி அனுப்பிவிடுங்கள், சடங்கு ஒன்றும் வேண்டாம்.

ஹெல்கா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். அவள் நல்ல மனுஷி, பட்டறையையும் காப்பாற்றவேண்டும். "நீ ஒருவன் எத்தனை நாளைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நிற்பாய்? இனி எல்லோரையும் போல மூடுவோம். கண்ணைக் குத்திவிட்டு இதைப் போடு" என்று இரண்டு ஈரச் சாக்குகளைத் தந்தாள்.

கண்ணை நாளைக்குக் குத்தலாம் என்று, முதலில் சாக்கைப் போட்டேன். பலகையில் ஏறி, ஒரு யானையின் தலைக்கு மேலால் இழுத்துவிட்டேன். காதுகள் இரண்டு பக்கமும் புடைத்தன. தும்பிக்கை தாடைபோலக் கீழே நீண்டது. இறங்கி, சற்றுப் பின்னுக்கு நகர்ந்து பார்த்தேன். சாக்குப் போட்ட ஒன்று, தலையைக் குனிந்து, எனக்கு முன்னால் நின்றது. கால்கள் மட்டும் தெரிந்தன, அவர் பார்த்துப் பார்த்துச் செய்த நகங்களோடு.

ஏறி அதைக் கழற்றினேன். நாலாக மடித்து ஹெல்காவின் மேசையில் வைத்தேன். கடைசியாக ஒருமுறை காதுகளுக்குத் தண்ணீர் அடித்தேன். பிறகு என் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டேன். ஹெல்கா ஏன் என்று கேட்டாள். வேறு வேலை கிடைத்துவிட்டது என்றேன். அப்போது கிடைத்திருக்கவில்லை.

கோப்லென்ஸில், பழைய வேலையிடத்தில் பழக்கமான குர்திப் பொடியன் ஒருவனின் அறையில் அன்றிரவு படுத்தேன். அவன் வேலை செய்த பெரிய சமையற்கூடத்தில் ஆள் தேவைப்பட்டது. பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் இடம். மறுநாள் காலை வெள்ளைத் தொப்பி ஒன்றைத் தந்து என்னை ஒரு மூலையில் நிறுத்தினார்கள். சுவரோரம் உருளைக்கிழங்குச் சாக்குகள் அடுக்கியிருந்தன. தோலை இயந்திரம் உரித்துவிடும். அதற்குப் பிறகும் கிழங்கில் கறுப்புக் குழிகள் மிஞ்சும். அவற்றைக் கத்தி நுனியால் தோண்டவேண்டும். மேற்பார்வையாளன் ஒரு கிழங்கை எடுத்து, இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து என்று செய்து காட்டினான்.

"விளங்கியதா?" என்று கேட்டான்.

என் தலை ஆடத் தொடங்கியது. நிறுத்தினேன்.

"யா" என்று வாயால் சொன்னேன். சொல்லிவிட்டு முதல் சாக்கை அவிழ்த்தேன்.